வள்ளம் வாங்க நினைக்கும் தம்பிக்கு நான் காட்டிய கொப்பி

கடந்த தை மாதம், கடல் இன்னும் அடங்காமல் இருந்த நாட்களில், என் தம்பி வீட்டுக்கு வந்து, மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு பைபர் படகும் இஞ்சினும் வாங்கப் போவதாகச் சொன்னான். அவன் மேசன் வேலை செய்பவன். கடலுக்குப் போய்ப் பழக்கமில்லாதவன். மூன்று ஆட்களைப் பிடித்துத் தொழிலுக்கு அனுப்பிவிட்டு, படகுக்குரிய பாதிப் பங்கை எடுத்துக்கொள்வது அவனுடைய திட்டம். "அத்தானுக்கு ஒரு நாளைக்கு ஏழாயிரம், எட்டாயிரம் போட் பங்கு மட்டும் வருகுதுதானே அக்கா" என்று கேட்டான். அவன் சொன்ன தொகையில் பொய் இல்லை. அப்படியான நாட்கள் எங்களுக்கு இருந்திருக்கின்றன. ஆனால் அவற்றை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தின் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், பதில் சொல்லாமல் உள்ளே போய், 2017ஆம் ஆண்டிலிருந்து நான் எழுதிவரும் கணக்குக் கொப்பிகளை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன். அன்றிரவு நாங்கள் இருவரும் பேசியவற்றை, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் இதே யோசனையோடு இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி இங்கே எழுதுகிறேன்.

நான் முன்பள்ளி ஆசிரியை. என் கணவர் பதினான்கு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். நாங்கள் இருவரும் நாவலடியில் பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை எங்கள் ஊரை எப்படி ஆக்கியது என்பதை மட்டக்களப்பில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. என் அப்பாவின் படகும் வலைகளும் அன்றே போய்விட்டன. அடுத்த ஆண்டு அவருக்கு உதவியாக ஒரு பைபர் படகு கிடைத்தது. அந்த நாட்களில் அவசர அவசரமாகச் செய்து கொடுக்கப்பட்ட பல படகுகளைப் போலவே அதன் உடலும் மெல்லியதாக இருந்தது. மூன்றாவது மாரிக்குள் அடிப்பகுதி வெடித்துவிட்டது. அதன் பிறகு அப்பா படகு வைத்திருக்கவே இல்லை, மற்றவர்களின் படகில் ஆளாகத்தான் போனார். ஆகவே சொந்தப் படகு என்பது எங்கள் வீட்டில் வருமானத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. அது இழந்த ஒன்றைத் திரும்பப் பெறுவதாகவும் இருந்தது. அந்த ஆசை எங்கள் கண்ணை எவ்வளவு மறைத்தது என்பதை இப்போது பழைய பக்கங்களைப் புரட்டும்போது தெரிந்துகொள்கிறேன்.

2017 மாசியில் எழுதிய முதல் பக்கத்தில் இருப்பது இதுதான். பதினெட்டரை அடிப் பழைய பைபர் படகு 1,40,000 ரூபாய். மண்ணெண்ணெயில் ஓடும் 15 குதிரைவலுப் பழைய இஞ்சின் 1,85,000 ரூபாய். 22 துண்டு வலை, கயிறு, மிதவையோடு 1,30,000 ரூபாய். நங்கூரம், எண்ணெய்க் கலன், விளக்கு, மீனை ஐசில் வைக்கும் ரெஜிபோம் பெட்டி, உயிர்காப்பு அங்கிகள் ஆகியவற்றுக்கு 23,000 ரூபாய். மொத்தம் 4,78,000 ரூபாய். இதில் 2,00,000 ரூபாயை நகை அடகிலிருந்தும், 1,50,000 ரூபாயைச் சீட்டுக் காசிலிருந்தும் எடுத்தோம். மீதி 1,28,000 ரூபாயை ஒரு மீன் முதலாளி வட்டியில்லாமல் முற்பணமாகக் கொடுத்தார். வட்டி இல்லை என்றதும் அதைத்தான் மூன்றிலும் நல்ல கடன் என்று நான் அப்போது நினைத்தேன்.

அந்த முற்பணத்தோடு வாயால் சொல்லப்பட்ட ஒரு நிபந்தனை வந்தது: பிடிக்கும் மீன் முழுவதையும் அவருக்கே கொடுக்க வேண்டும், விலையை அவரே சொல்வார். கரையில் ஏலம் கூறும்போது போகும் விலையைவிட அவர் தருவது கிலோவுக்கு இருபது முப்பது ரூபாய் குறைவாக இருக்கும். ஒரு நாளில் அது பெரிதாகத் தெரியாது. 2018 முடிவில் கூட்டிப் பார்த்தேன். அந்த ஆண்டு ஏறத்தாழ 3,200 கிலோ கொடுத்திருந்தோம். சராசரியாகக் கிலோவுக்கு 25 ரூபாய் என்று எடுத்தாலும் 80,000 ரூபாய் குறைவாக வந்திருக்கிறது. பங்கு பிரிக்கும் முறைப்படி அதில் எங்கள் வீட்டுக்கு மட்டும் 53,000 ரூபாய்க்கு மேல் இழப்பு. அதாவது 1,28,000 ரூபாய்க் கடனுக்கு ஒரு வருடத்தில் நூற்றுக்கு 41 ரூபாய் கொடுத்திருக்கிறோம், அதன் பிறகும் முதல் அப்படியே நிற்கிறது. மீதி 26,000 ரூபாய்க்கு மேலான தொகை எங்களோடு கடலுக்கு வந்த இரண்டு ஆட்களின் பங்கிலிருந்து போனது. அவர்கள் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இதைக் கணக்கில் கண்ட அன்று நான் மிகவும் வெட்கப்பட்டேன். அடுத்த ஆண்டு ஐப்பசியில் இன்னொரு சீட்டுக் காசு கிடைத்தவுடன் வேறு எதையும் செய்யாமல் அந்த முற்பணத்தைக் கொடுத்துத் தீர்த்தோம்.

இந்தக் கொப்பியில் நான் எழுதியவற்றுள் மிகவும் பயன்பட்டது பணக் கணக்கு அன்று, நாட்கணக்கு. அதற்குக் காரணம் எங்கள் அயலில் இருந்த ஒரு பெரியப்பா. நாற்பது ஆண்டுகள் கரைவலையும் ஆழ்கடலும் பார்த்தவர். முதல் ஆண்டு நான் வரவையும் செலவையும் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி புள்ள, போட் எத்தின நாள் கரையில கிடந்தது எண்டு எங்க எழுதி இரிக்காய்?" என்று கேட்டார். நான் எழுதியிருக்கவில்லை. அன்று தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதினேன்: போனது, அல்லது போகாததற்குக் காரணம்.

2018ஆம் ஆண்டின் 365 நாட்களில் எங்கள் படகு கடலில் இறங்கியது 171 நாட்கள். கரையில் கிடந்த 194 நாட்களில், மாரிக் கடல் 85 நாட்களை எடுத்துக்கொண்டது. கிழக்குக் கரையில் கார்த்திகையிலிருந்து தை கடைசி வரைக்கும், சில ஆண்டுகளில் மாசி நடுப்பகுதி வரைக்கும், வாடைக் காற்றில் சிறிய படகை அலைக்குள் இறக்க முடியாது. இறக்கினாலும் திரும்பக் கரையேற்றும்போது கவிழும். நிலவு காலத்தில் வலையை மீன் கண்டு விலகும் என்பதால் போகாமல் விட்ட நாட்கள் 48. இஞ்சின், படகு, வலை திருத்தத்துக்காக நின்றவை 31. கோயில் திருவிழா, செத்தவீடு, காய்ச்சல், பொல்லாத நீரோட்டம் என்று மற்றவை 30. தம்பி போட்ட கணக்கில் ஒரு மாதத்துக்கு 25 நாட்கள் இருந்தன. கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன்கூட அப்படித்தான் கணக்குப் போடுகிறான் என்றால், வெளியில் இருந்து முதல் போடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

இப்போது பங்கு. எங்கள் பக்கத்துச் சிறிய படகுகளில் எல்லாரும் ஒரே மாதிரிப் பிரிப்பதில்லை; நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். மீன் விற்ற காசில் முதலில் அன்றைய எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்போம். மீதியில் பாதி படகு, இஞ்சின், வலைக்கு. மறுபாதி போன ஆட்களுக்குச் சமமாக. 2018 சித்திரையில் ஒரு நாள் 18,400 ரூபாய்க்குச் சூரையும் சில அறுக்குளாவும் விற்றோம். செலவு 3,000 போக 15,400. படகுக்கு 7,700. ஆட்கள் மூவருக்கும் தலைக்கு 2,566. என் கணவரும் மூவரில் ஒருவர் என்பதால் அன்று வீட்டுக்கு வந்தது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். தம்பி நினைவில் வைத்திருந்தது இந்த மாதிரியான நாளைத்தான். அடுத்த பக்கத்திலேயே எண்ணெய்ச் செலவுக்கும் காணாத மூன்று நாட்கள் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கின்றன.

முதல் ஆண்டு நாங்கள் செய்த பெரிய தவறு, படகுப் பங்கை வீட்டுக் காசாக எண்ணிச் செலவழித்தது. ஆவணியில் வலை கிழிந்தபோது கையில் ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து கணவரின் ஆள் பங்கை மட்டும் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு, படகுப் பங்கை வங்கியில் தனிப் புத்தகத்தில் போட்டேன். அப்படிச் செய்ததால்தான் 2018இன் உண்மைக் கணக்கு எனக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு படகுப் பங்கு மொத்தம் 3,96,000 ரூபாய். வலைக்கு 92,000, இஞ்சினுக்கு 74,000, படகின் உடலுக்கு 28,000, அனுமதிப்பத்திரம், கயிறு, சில்லறைச் சாமான்களுக்கு 19,000, நகை வட்டி 30,000 ஆகியவை போக 1,53,000 மிஞ்சியது. ஆனால் பழைய இஞ்சின் ஐந்து ஆண்டுகளும் படகு எட்டு ஆண்டுகளும் உழைத்தால் அதுவே பெரிய காரியம். அவற்றைத் திரும்ப வாங்க ஆண்டுக்கு 37,000 ரூபாயும் 17,500 ரூபாயும் ஒதுக்க வேண்டும். அதன் பிறகு மீதி 98,500 ரூபாய். மாதத்துக்கு 8,200 ரூபாய். அதே ஆண்டு என் கணவர் வேறொருவரின் படகில் இதே மீன்பாட்டோடு ஆளாகப் போயிருந்தால்கூட, ஒரு ரூபாய் கடனில்லாமல் 1,32,000 ரூபாய் உழைத்திருப்பார். படகின் சொந்தக்காரராக இருந்ததால் அதற்கு மேல் கிடைத்தது அந்த 8,200 ரூபாய்தான். அதற்குள் நான் இரவில் வலை பொத்திய உழைப்பும் அடங்கும்.

இந்த இடத்தில் தம்பி கொப்பியை மூடிவைத்தான். ஆனால் இந்தக் கணக்கை இங்கேயே நிறுத்தினால் அது பாதி உண்மையாகிவிடும். 98,500 ரூபாயாக இருந்த தொகையோடு நகை வட்டி 30,000ஐயும் முதலாளிக்குக் குறைவிலையாகப் போன 53,000ஐயும் கூட்டுங்கள்: அதே படகு, அதே கடல், அதே 171 நாட்கள், ஆனால் கடனில்லாமல் என்றால் ஆண்டுக்கு 1,81,500 ரூபாய். எங்கள் படகின் இலாபத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றது கடலும் இல்லை, மாரியும் இல்லை, வாங்கிய விதம். ஆகவே படகு இலாபமா நட்டமா என்று யாராவது கேட்டால், எவ்வளவு காசு கைக்காசு, எவ்வளவு கடன் என்பதை முதலில் கேட்கிறேன்.

வலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் எல்லாரும் இஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள், வலைதான் ஓயாமல் காசு கேட்பது. பேத்தை மீன் கடிக்கும். ஓங்கில் என்கிற டொல்பின் கிழித்துக்கொண்டு போகும். அடியில் விடும் வலை என்றால் கல்லில் மாட்டும். எங்கள் கரைக்கு நேரே, 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்த ஹேர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அதைச் சுற்றி மீன் கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஆசைப்பட்டுக் கிட்டப் போகிறார்கள். 2018இல் நீரோட்டம் இழுத்து எங்கள் நான்கு துண்டு வலை அந்த இரும்பில் மாட்டியது. இழுத்துப் பார்த்து, படகு சரியத் தொடங்கியதும் கயிற்றை அறுத்துவிட்டு வந்தார்கள். அந்த ஆண்டின் 92,000 ரூபாயில் கால்வாசிக்கு மேல் அந்த ஒரு காலையில் போனது. விலை குறைவு, மீன் கூடப் படும் என்று சிலர் ஒற்றை நைலோன் இழையாலான தங்கூசி வலையை வாங்கச் சொல்வார்கள். அது தடை செய்யப்பட்டது. பிடிபட்டால் வலையும் போகும், வழக்கும் வரும். அதைவிட, குஞ்சு குருமனை எல்லாம் வாரிக்கொண்டு வந்தால் நாளைக்கு எங்கள் பிள்ளைகள் எதைப் பிடிப்பார்கள் என்ற கேள்வி எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

இஞ்சின் எங்களுக்குக் கற்பித்த பாடம் 2019 ஆனியில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினின் பின்புறத்தில் ஒரு சிறிய துளை வழியாகத் தண்ணீர் கயிறு போலப் பீச்சிக்கொண்டிருக்கும். உள்ளே குளிர்த்தும் தண்ணீர் சுற்றுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அன்று கரைக்குத் திரும்பும்போது மூவரும் களைத்திருந்தார்கள், யாரும் பின்னால் பார்க்கவில்லை. தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் ஒரு பொலித்தீன் பை ஒட்டியிருந்திருக்கிறது. பீச்சல் நின்று சில நிமிடங்களில் இஞ்சின் சூடேறி, பிஸ்டன் பிடித்து, ஒரே சத்தத்தோடு நின்றுவிட்டது. களுவன்கேணிப் படகு ஒன்று கட்டியிழுத்து வந்து கரை சேர்த்தது. திருத்தச் செலவு 46,000 ரூபாய், கரையில் நின்றது 17 நாட்கள். அன்றிலிருந்து, திரும்பி வரும்போது ஒருவர் அந்தப் பீச்சலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் படகின் சட்டம். மண்ணெண்ணெய் இஞ்சினைப் பெற்றோலில்தான் கிளப்ப வேண்டும், சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட விட வேண்டும். விலை கூடிய பெற்றோலை மிச்சம் பிடிக்கிறோம் என்று இதைத் தவிர்க்கிறவர்கள் அந்த மிச்சத்தைப் பிறகு பட்டறையில் கொடுக்கிறார்கள். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பு போக ஓட விடுவதும் அப்படியே.

எங்களுக்கு இதில் இன்னொரு செலவும் உண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்களுக்கு வீடு கிடைத்தது திராய்மடுவில். படகு கிடப்பது நாவலடிக் கரையில். வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தால் சுற்றி வர வேண்டும். இஞ்சினைக் கரையில் விட்டு வர முடியாது, களவு போகும். ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்க முச்சக்கரவண்டி, அல்லது கரையில் வாடி (சிறு குடிசை) போட்டுக் காவல். படகுக்கும் வீட்டுக்கும் இடையிலான தூரத்தை வாங்குவதற்கு முன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பழையதை வாங்குகிறவர்களுக்கு என் கணவர் சொல்வது: இஞ்சினைக் குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் கையால் தொட்டாலே தெரியும். கீழ்ப்பகுதியில் உள்ள ஆணியைக் கழற்றிக் கியர் ஒயிலைக் கொஞ்சம் வடியவிட்டுப் பாருங்கள். அது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே கடல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. படகின் உடலை முன்னிருந்து பின்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போங்கள், ‘டங்’ என்று வருகிற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அங்கே பைபர் படை விட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இஞ்சினைப் பூட்டும் பின்பக்கப் பலகை. இஞ்சின் பூட்டியிருக்கும்போது அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலகை சேர்ந்து அசைந்தால், மூலைகளில் மயிரிழை வெடிப்பு இருந்தால், உள்ளே மரம் உக்கிவிட்டது. அந்தப் படகை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். பணம் கொடுப்பதற்கு முன், கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களத்தில் உள்ள பதிவை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். நாங்கள் அதைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டதால், விற்றவர் வெளிநாடு போன பின் பதினொரு மாதம் அலைந்தோம். பதிவு இல்லாத படகுக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, நிவாரணமும் இல்லை.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதற்கு வெளியிலிருந்து அடி வரும். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவி அது மூடப்பட்டபோது, நாட்டில் மீன் வாங்கவே ஆட்கள் பயந்தார்கள். எங்களுக்கு மீன்பாடு நன்றாக இருந்த வாரம் அது, எடுக்க ஆளில்லை. அன்று நானும் மாமியும் அயலில் உள்ள இரண்டு பெண்களும் சேர்ந்து வெட்டி உப்புப் போட்டுக் கருவாடாக்கினோம். மூன்று கிலோ மீனுக்கு ஒரு கிலோ கருவாடுதான் மிஞ்சும் என்றாலும், அது கெட்டுப்போகாமல் மார்கழி வரை நின்று விலை போனது. படகு வைத்திருக்கும் வீட்டில் உப்பும் பாயும் காய வைக்க இடமும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதை அந்த வாரத்தில் கற்றோம். ஐசும் அப்படியே: எங்கள் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். 300 ரூபாய் ஐசை மிச்சம் பிடித்து மீனின் விலையில் இரண்டாயிரம் இழந்த நாட்கள் கொப்பியில் இருக்கின்றன.

2022 வேறு மாதிரியானது. முதலில் எண்ணெய் இல்லை. கலனை வரிசையில் வைத்துவிட்டு என் கணவர் எண்ணெய் நிலைய வாசலில் படுத்த இரவுகள் உண்டு. அமைதியான கடலைப் பார்த்துக்கொண்டு படகுகள் கரையில் கிடந்தன. பிறகு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. எங்களுக்கு ஒரு தடவைக்கு 22 லீற்றர் வேண்டும்: 1,914 ரூபாயாக இருந்த செலவு ஒரே இரவில் 7,480. மீன் விலையும் ஏறியது, ஆனால் அவ்வளவு வேகத்தில் இல்லை. ரூபாய் விழுந்ததால் உதிரிப்பாகங்களின் விலை இரட்டிப்புக்கும் மேலானது. அந்த மாதங்களில் எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. ஒன்று, முழு வேகத்தில் ஓடுவதை நிறுத்தியது. வேகத்தைக் குறைத்தால் போய்ச் சேர நேரம் கூடும், ஆனால் எண்ணெய் கணிசமாக மிஞ்சும். மற்றது, எங்களிடம் கடன் இல்லாதது. எங்களோடு தொழில் செய்த இரண்டு பேர் மாதத் தவணைக்கு எடுத்த இஞ்சின்களை அந்த ஆண்டு இழந்தார்கள். அவர்கள் எங்களைவிட நல்ல தொழிலாளிகள்.

அப்படியானால் நாங்கள் ஏன் இன்னும் படகை வைத்திருக்கிறோம் என்று தம்பி கேட்டான். என் கணவரே கடலுக்குப் போகிறார், தானே வலை பொத்துகிறார், இஞ்சினைத் தானே கழற்றிப் பூட்டுகிறார் என்பதுதான் என் பதில். ஆளாகப் போகிறவருக்கு நாளை இடம் இருக்குமா என்பது படகுக்காரரின் கையில் இருக்கிறது. 2022இல் படகுகள் குறைந்தபோது முதலில் நின்றவர்கள் ஆட்கள்தான். காற்று சரியில்லை என்றால் போக மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் சொந்தப் படகில்தான் முழுமையாகக் கிடைக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கு அவரை அனுப்பிவிட்டு விழித்திருக்கும் எனக்கு அது சிறிய விடயம் இல்லை.

தம்பியின் நிலை வேறு. அவன் போகாமல் ஆட்களை அனுப்பினால், படகை நடத்தத் தண்டயல் ஒருவர் வேண்டும். அவருக்கு ஆள் பங்கோடு படகுப் பங்கிலிருந்து இன்னொரு அரைப்பங்காவது கொடுக்க வேண்டும். 2018 கணக்கிலேயே வைத்துப் பார்த்தால் அது 66,000 ரூபாய். 98,500இல் அது போக மீதி 32,500, மாதத்துக்கு 2,700 ரூபாய். வலை பொத்தவும் இஞ்சின் பார்க்கவும் கூலி கொடுத்தால் அதுவும் இல்லை. மாரியில் ஆட்கள் வேறு படகுக்குப் போகாமல் இருக்க முன்காசு கொடுக்க வேண்டும், அது எல்லா நேரமும் திரும்பி வராது. கடலில் ஒருவருக்குக் கை வெட்டுப்பட்டால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய் நிற்க வேண்டியவனும் படகுக்காரன்தான். இதையெல்லாம் சொன்னபோது அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடலோடு ஒரு தொடர்பு வேண்டும் என்ற அவனுடைய ஆசை அப்பாவிடமிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும்.

அப்போது என் கணவர்தான் ஒரு வழி சொன்னார். "நீ போட் எடுக்காத மச்சான், வலை எடு. எங்கட போட்டில போடுவம்" என்றார். படகுக்குரிய பாதிப் பங்கில் மூன்றில் ஒன்றை வலைக்கென்று பிரித்து, யாருடைய வலை எத்தனை துண்டோ அந்த அளவுக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டோம். வலை கிழிந்தால் அவரவர் துண்டுக்கு அவரவர் செலவு. தம்பி தன் சேமிப்பிலிருந்து எட்டுத் துண்டு வாங்கினான். நகை வீட்டில் இருக்கிறது. மேசன் வேலை இல்லாத நாட்களில் அவனும் கூடப் போகிறான். முதல் கிழமை அலையில் வாந்தி எடுத்து, வலையின் நரம்பில் விரல்கள் வெட்டுப்பட்டு வந்தான். இரண்டாம் மாதத்தில் இருட்டில் பீச்சலைக் கையால் தொட்டுப் பார்க்கப் பழகிவிட்டான் என்று கணவர் சொன்னார்.

பங்குனியில் நான் அவனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். போன நாள், போகாத நாள், காரணம், துண்டுக்கு வந்த பங்கு என்று நான்கு கோடு போட்டு வைத்திருக்கிறான். அடுத்த மாரி முடிந்து அதைக் கூட்டிப் பார்த்த பிறகு படகைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம். நேற்று அவன் எழுதிய வரி: "போகவில்லை. கச்சான் காற்று. இரண்டு துண்டு பொத்தினேன்."